கேள்வி கொடுத்துக் கேள்வி வாங்குகிறோம்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டு விழாவில், 'கேள்வி மாற்று வட்டம்' சார்பில் ஏ பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அடுத்து சிறுவர் நடனம், அதற்கடுத்து சாப்பாடு. பந்தி வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

நம் வளாகத்தில் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, ஊஞ்சலுக்குப் பக்கத்தில், பத்துப் பன்னிரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து சத்தமாக வாதாடுவதைப் பார்த்திருப்பீர்கள். சீட்டு விளையாடுகிறோம் என்று சிலர் நினைத்தார்கள். சீட்டுக்கம்பெனி நடத்துகிறோம் என்றுகூட ஒருவர் செயலாளரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். இரண்டும் இல்லை. நாங்கள் பொது அறிவுக் கேள்விகளை மாற்றிக்கொள்கிறோம். நீங்கள் ஒரு கேள்வி கொண்டுவந்தால் ஒரு கேள்வி எடுத்துப் போகலாம். வெறுங்கையோடு வந்தால் வேடிக்கை பார்க்கலாம், எடுக்க முடியாது. அவ்வளவுதான் விதி.

இது ஆரம்பித்தது 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலில். உங்களுக்கு நினைவிருக்கும். கீழ்த்தளத்தில் தண்ணீர், லிஃப்ட் இல்லை, ஜெனரேட்டர் டீசல் தீர்ந்துவிட்டது, இரண்டாம் நாள் எல்லாருடைய செல்போனும் உயிரை விட்டுவிட்டது. பிள்ளைகளை எத்தனை நேரம்தான் வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது? ஏ பிளாக் மாடிப்படியில் மெழுகுவத்தி ஏற்றிவைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் கேள்வி கேட்க ஆரம்பித்தோம். நான்காவது மாடிக்காரர் கேட்பார், இரண்டாவது மாடியிலிருந்து பதில் வரும். வேடிக்கை என்னவென்றால், யார் சொன்னது சரி என்று பார்க்க வழியே இல்லை. இணையம் செத்துக் கிடந்தது. 'சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து கண்ணுக்குத் தெரியுமா' என்று ஒரு பையன் கேட்டான். ஆறு பேர் தெரியும் என்றோம், ஒருவர் தெரியாது என்றார். தீர்ப்பு சொல்ல ஆளில்லை. அதனால் ஒரு பழைய நோட்டில் 'நிலுவை' என்று தலைப்புப் போட்டு எழுதிவைத்தோம். மின்சாரம் வந்தபின் பார்த்தால், அந்த ஒருவர்தான் சரி. 2003-ல் விண்வெளிக்குப் போன முதல் சீனர் யாங் லிவெய், நிலவைவிட எத்தனையோ பக்கத்தில், பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தபோதே சுவர் தன் கண்ணில் படவில்லை என்று சொல்லியிருக்கிறார். ஆறு பேரும் பட்டதாரிகள் என்பதைச் சபையில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

அந்த நிலுவை நோட்டுதான் எங்கள் வட்டத்தின் முதல் சொத்து. அதற்குப் பிறகு அட்டைகள் வந்தன. நம் எல்லார் வீட்டிலும் கல்யாணப் பத்திரிகை குவிந்து கிடக்கிறது. தூக்கிப்போட மனசு வராது, வைத்துக்கொள்ள இடம் இருக்காது. அதன் வெறும்பக்கத்தை உள்ளங்கை அளவுக்கு வெட்டினால் நல்ல கெட்டி அட்டை கிடைக்கும். கேள்வியை நேராகவும் விடையை அடியில் தலைகீழாகவும் எழுதுவோம். மறுபக்கத்தில் யாரோ ஒரு மணமகனின் தாத்தா பெயர் பாதி தெரியும். அதற்காகவே குழந்தைகள் அட்டையைத் திருப்பிப் பார்க்கும்.

இந்த வினாடிவினா மோகம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1967-ல் கல்கத்தாவில் ஒரு தேவாலயத்தின் மண்டபத்தில் நீல் ஓ'பிரையன் நடத்தியதைத்தான் இந்தியாவின் முதல் முறையான வினாடிவினா என்கிறார்கள். பிறகு வானொலியில் போர்ன்விட்டா போட்டி, 1985-ல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசுவின் 'க்விஸ் டைம்', 2000-ல் நம் வீட்டு ஹாலுக்கே வந்த 'கோடீஸ்வரன்'. அவையெல்லாம் ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்லும் ஏற்பாடு. எங்களுடையதில் எல்லாரும் கேட்க வேண்டும். ஒரு கேள்வியை நீங்களே தயார் செய்து பாருங்கள், பதில் சொல்வதைவிட அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

'இந்த நாட்டின் தலைநகர் எது' என்கிற மாதிரிக் கேள்விக்கு எங்களிடம் மதிப்பு குறைவு. தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் தெரியாது, யோசிக்க அதில் ஒன்றுமில்லை. நல்ல கேள்வி என்றால் விடை தெரியாதவரும் உட்கார்ந்து யோசித்து அதை எட்ட முடிய வேண்டும். டி பிளாக் கல்லூரிப் பெண் கொண்டுவந்த ஒன்றைச் சொல்கிறேன். உலகத்திலேயே அதிக நேர மண்டலங்கள் உள்ள நாடு எது? எல்லாரும் ரஷ்யா என்றோம். ரஷ்யாவுக்குப் பதினொன்று. அவள் ஒரு துப்புக் கொடுத்தாள்: 'நம்ம ஊரிலிருந்து கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம் போனால் வரும் ஊர் ஒரு காலத்தில் அந்த நாட்டிடம் இருந்தது.' உடனே ரிட்டயர்ட் வங்கி மேலாளர் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். பிரான்ஸ்! பசிபிக் தீவுகள், தென் அமெரிக்காவில் ஒரு துண்டு, மடகாஸ்கருக்குப் பக்கத்தில் ரீயூனியன் என்று உலகம் முழுக்க அதற்கு நிலம் இருப்பதால் பன்னிரண்டு. அன்றைக்கு அந்த அட்டைக்கு மூன்று பேர் போட்டி போட்டார்கள். கடைசியில் என்னிடமிருந்த இரண்டு அட்டையைக் கொடுத்து அதை வாங்கினேன். நட்டம் என்று இன்றுவரை நினைக்கவில்லை.

இன்னொன்று. நம் இரவுக் காவலர் தம்பி ஒடிசாக்காரர். இரண்டு மூன்று வாரம் கேட்டுக்கு அருகிலிருந்தே எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் வந்து, தனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது, சொல்லலாமா என்றார். மொழி அடிப்படையில் இந்தியாவில் முதலில் உருவான மாநிலம் எது? நாங்கள் ஒரே குரலில் ஆந்திரா என்றோம். 1953 அக்டோபர் 1, பொட்டி ஸ்ரீராமுலு, மயிலாப்பூரில் இருந்த உண்ணாவிரதம் என்று எல்லா விவரமும் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே, '1936 ஏப்ரல் 1, எங்க ஊர்' என்றார். ஒடியா பேசும் பகுதிகளைச் சேர்த்து ஒரிசாவைத் தனி மாகாணமாக ஆக்கியது வெள்ளைக்காரர் காலத்திலேயே நடந்துவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு என்று ஒரு வார்த்தை சேர்த்தால் ஆந்திரா சரி. சேர்க்காவிட்டால் அவர் சொன்னதுதான் சரி. அந்த ஒரு வார்த்தையின் கனத்தை அன்றே நான் புரிந்துகொண்டிருந்தால், அடுத்து சொல்லப்போவது நடந்திருக்காது.

இனி சொல்வது எனக்குக் கொஞ்சம் சங்கடமான விஷயம். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

போன பொங்கலுக்கு நம் வளாகத்தில் வினாடிவினா நடத்தினோமே, அதில் கேள்வி கேட்டது நான். கடைசிச் சுற்றில் இரண்டு அணிகள் சமமாக நின்றன. முடிவு செய்ய ஒரே ஒரு கேள்வி. என் கையில் இருந்த அட்டையைப் படித்தேன்: 'நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்தது எந்த ஆண்டு?' சி பிளாக் சார், வயது எழுபத்தொன்று, ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. '1967' என்றார். அட்டையில் 1969 என்று இருந்தது. நான், 'தப்பு சார்' என்றேன். மைக்கில் சொன்னேன். எதிரணி 1969 என்றது, ஜெயித்தது, டிபன் கேரியரை வாங்கிக்கொண்டு போனது. சார் எழுந்து நின்று, 'அன்னிக்கு நான் ஸ்கூல்ல இருந்தேன்மா. ஹெட்மாஸ்டர் பிரேயர்ல சொன்னாரு, ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தாங்க' என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். 'அட்டையில இப்படித்தான் சார் இருக்கு' என்று சொல்லி அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டோம்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. லிஃப்டில் பார்த்தால் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு பாயின்ட்டுக்காக இவ்வளவு கோபமா என்று எனக்கும் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். மூன்று வாரம் கழித்துத்தான், சரி, அந்த அட்டை எங்கிருந்து வந்தது என்று தேடினேன். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியவில்லை. கைமாறி, கைமாறி என்னிடம் வந்திருந்தது. நூலகத்தில் போய் உட்கார்ந்தேன்.

நடந்தது இது. 1956-ல் விருதுநகரில் சங்கரலிங்கனார் இந்தப் பெயர் மாற்றத்தை முக்கியக் கோரிக்கையாக வைத்து உண்ணாவிரதம் தொடங்கி, அந்த அக்டோபரில் உயிரையே விட்டார். அப்போது பெயர் வரவில்லை. 1967 ஜூலை 18 அன்று, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, மதராஸ் மாநிலத்தின் பெயரைத் தமிழ்நாடு என்று மாற்றச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. ஆனால் ஒரு மாநிலத்தின் பெயரை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான். அந்தச் சட்டம் 1968-ல் வந்தது. நடைமுறைக்கு வந்த நாள் 1969 ஜனவரி 14, பொங்கல். அடுத்த மாதம் 3-ஆம் தேதி அண்ணா மறைந்தார். ஆக 1967, 1968, 1969 மூன்றுக்கும் நியாயம் இருக்கிறது. இப்போது தமிழ்நாடு நாள் என்று அரசு கொண்டாடுவது எந்தத் தேதியை? ஜூலை 18. சார் சொன்ன ஆண்டின் தேதி. 'சட்டப்படி நடைமுறைக்கு வந்தது எப்போது' என்று கேட்டிருந்தால் 1969 மட்டும்தான் விடை. என் கேள்வியில் அது இல்லை.

திருத்தி எழுதிய அட்டையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே கூப்பிட்டார், காபி கொடுத்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையை இரண்டு தரம் படித்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். 'டிபன் கேரியர் என் வீட்லயே நாலு இருக்கும்மா' என்றார். சிறிது நேரம் கழித்து, 'பேரன் முன்னாடி சொன்னீங்க. அன்னைக்கு ராத்திரி அவன் வந்து, தாத்தா, மிட்டாய் கதை நீங்களே கட்டினதான்னு கேட்டான்' என்றார்.

எனக்கு அதற்குப் பதில் இல்லை. அஞ்சல் துறையில் முப்பத்து மூன்று வருடம் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள் நான், பதில் இல்லாமல் நின்ற சந்தர்ப்பம் குறைவு.

அதனால் இன்று இதே மேடையில், அதே மைக்கில் சொல்கிறேன். சாருடைய விடை சரி. கேள்வி தப்பு, கேட்டது நான். அவருடைய பேரன் இங்கேதான் மூன்றாவது வரிசையில் இருக்கிறான். தம்பி, மிட்டாய் கொடுத்ததற்கு என்னிடம் அத்தாட்சி இல்லை, ஆனால் ஜூலை 18-க்குச் சட்டமன்றப் பதிவேடு இருக்கிறது. தாத்தாவை நம்பு.

(கைதட்டல்)

இதற்குப் பிறகு எங்கள் வட்டத்தில் மூன்று பழக்கம் வந்தது. அட்டையின் ஓரத்தில் எழுதியவரின் வீட்டு எண், எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தது, எந்தத் தேதியில் சரிபார்த்தது. தேதி எதற்கு என்று சிலர் கேட்டார்கள். என்னிடம் 'தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 32' என்று ஒரு அட்டை இருந்தது. எழுதியபோது சரி. 2019-ல் ஐந்து கூடியது, 2020-ல் மயிலாடுதுறை வந்து 38 ஆனது. எவரெஸ்ட்டுக்கே உயரம் மாறிவிட்டது. நாம் 8848 மீட்டர் என்று படித்தோம், 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து 8848.86 என்று அறிவித்தன. மலையே சும்மா இருக்காதபோது அட்டை சும்மா இருக்குமா?

புத்தகத்தின் பெயர் எதற்கு என்பதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. அமெரிக்காவில் ஃபிரெட் வொர்த் என்று ஒருவர், துணுக்குத் தகவல் களஞ்சியம் ஒன்றைத் தொகுத்து 1974-ல் வெளியிட்டார். தன் புத்தகத்தை யாராவது காப்பியடித்தால் கண்டுபிடிக்க வேண்டுமே என்று நடுவில் ஒரே ஒரு பொய்யை வைத்தார். 'கொலம்போ' என்ற தொலைக்காட்சித் தொடரின் துப்பறிவாளருக்கு முதல் பெயர் பிலிப் என்று எழுதினார். அது அவர் சொந்தமாகப் புனைந்தது. 1979-ல் மான்ட்ரியல் நகரில் இரண்டு நண்பர்கள் 'ட்ரிவியல் பர்சூட்' என்ற கேள்வி விளையாட்டைக் கண்டுபிடித்து, அது உலகமெல்லாம் விற்றது. அதில் ஒரு அட்டை: கொலம்போவின் முதல் பெயர் என்ன? விடை: பிலிப்! வொர்த் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். விளையாட்டைச் செய்தவர்களும், ஆமாம், அவர் புத்தகத்தையும் பார்த்தோம், மற்றவற்றையும் பார்த்தோம் என்று ஒப்புக்கொண்டார்கள். இருந்தும் வொர்த் தோற்றார். தகவல் என்பது யாருக்கும் தனிச்சொத்து அல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கும். கேள்வியை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். ஆனால் அந்த விளையாட்டை வாங்கிய எத்தனை வீட்டில், எத்தனை பேர் பிலிப் என்று சொல்லிப் பாயின்ட் வாங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிலிப் என்று சொல்லாதவர்களிடம் 'தப்பு' என்று சொல்லியிருப்பார்களே, அதையும்.

நம் வளாகத்து வாட்ஸ்அப் குழுவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டது என்ற செய்தி அதில் இதுவரை நான்கு முறை வந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை. ஹாக்கி நம் தேசிய விளையாட்டு என்ற அட்டையை நானே பத்துப் பேருக்காவது கொடுத்திருப்பேன். எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவில்லை என்று விளையாட்டு அமைச்சகமே 2012-ல் ஒரு தகவல் உரிமைக் கேள்விக்குப் பதில் கொடுத்திருக்கிறது. கேட்டது லக்னோவைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுமி. பெரியவர்கள் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்.

எல்லாம் போனிலேயே இருக்கிறதே, எதற்கு இந்த வெட்டி வேலை என்று போன மாதம் பொதுக்குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கின்னஸ் புத்தகம் வந்த கதையை அவருக்குச் சொன்னேன். 1951-ல் கின்னஸ் மது ஆலையின் நிர்வாகி ஹியூ பீவர் அயர்லாந்தில் வேட்டைக்குப் போய், உப்புக்கொத்தி இனத்துப் பறவை ஒன்றைச் சுடத் தவறினார். ஐரோப்பாவிலேயே வேகமான வேட்டைப் பறவை அதுதானா என்று அன்று மாலை விருந்தில் வாக்குவாதம். எந்தப் புத்தகத்திலும் பதில் கிடைக்கவில்லை. நாடெங்கும் மதுக்கடைகளில் இப்படி எத்தனை வாக்குவாதம் தீராமல் கிடக்கும் என்று அவருக்குத் தோன்றியது. 1955-ல் முதல் கின்னஸ் புத்தகம் வந்தது. தகராறில்லாமல் அந்தப் புத்தகம் இல்லை. போனில் விடை இருக்கிறது சார், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து 'அதெப்படி?' என்று கேட்கும் ஆள் அதில் இல்லை. அவர் சமாதானம் ஆகவில்லை. நாற்காலிகளைத் திரும்ப அடுக்கி வையுங்கள் என்று மட்டும் சொன்னார். வைக்கிறோம்.

சி பிளாக் சார் இன்னும் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. அவருடைய நாற்காலியை ஒதுக்கி வைத்திருக்கிறோம், யாராவது தெரியாமல் உட்கார்ந்தாலும் எழுப்புவதில்லை. ஆனால் ஐந்து வாரமாகப் பேரன் அட்டை கொண்டுவருகிறான். நல்ல மசி பேனா எழுத்து, ஓரத்தில் வீட்டு எண், புத்தகம், பக்க எண், தேதி. எல்லாம் கஷ்டமான கேள்விகள். பதிலுக்கு நாங்கள் கொடுத்தனுப்பும் அட்டையில் ஒன்றை, கேள்வி தெளிவாக இல்லை என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். அது என்னுடைய அட்டை.

வீட்டில் இருக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் தூக்கிப் போடாமல் ஏ பிளாக் செக்யூரிட்டி மேஜையில் கொடுத்துவிடுங்கள். பளபளவென்று பிளாஸ்டிக் பூசியது வேண்டாம், பேனா ஒட்டாது.

நடனக் குழந்தைகள் சலங்கை கட்டி நிற்கிறார்கள், முடித்துக்கொள்கிறேன். என் பழைய துறையிலிருந்து ஒரு கேள்வி. நம் ஊர் பின்கோடு 6-ல் தொடங்கும். 1972-ல் இந்த ஏற்பாடு வந்தபோது, நாட்டை எட்டு வட்டாரமாகப் பிரித்து 1 முதல் 8 வரை கொடுத்துவிட்டார்கள். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை எல்லா ஊரும் அதற்குள் அடங்கிவிட்டது. ஆனாலும் 9-ல் தொடங்கும் பின்கோடு ஒன்று உண்டு. அந்தக் கடிதங்கள் யாருக்குப் போகும்?

விடை வேண்டுமென்பவர்கள் ஞாயிறு ஐந்து மணிக்கு ஊஞ்சல் பக்கம் வாருங்கள். கையில் ஒரு கேள்வியோடு.